ஓர் அம்மா, இரண்டு வகுப்பு

கேள்வி:

என் மகளுக்குப் பதினோரு வயது, ஆறாம் வகுப்பு. மகனுக்கு ஆறரை வயது, இரண்டாம் வகுப்புக்குப் போக வேண்டியவன். எழுத்துகள் தெரியும், சேர்த்து வாசிக்கத் திணறுகிறான். கணவருக்குக் காற்றாலைப் பராமரிப்பு வேலை. இரண்டு வருடத்தில் இரண்டு ஊர் மாறி, இப்போது உடுமலைப்பேட்டையில் இருக்கிறோம். போன பள்ளியில் மகளுக்குத் தினமும் காலையில் வயிற்றுவலி வரும். சனி, ஞாயிறு வராது. யோசித்துப் பார்த்து, இந்த வருடம் இருவரையும் வீட்டிலேயே படிக்க வைக்கலாம் என்று முடிவெடுத்தோம். பள்ளி மாதிரியே காலை 9 மணி முதல் 3.30 வரை நாற்பது நிமிடப் பீரியடாக அட்டவணை போட்டுச் சுவரில் ஒட்டினேன். முதல் வாரமே எல்லாம் குளறுபடி. மகளுக்குக் கணக்கு சொன்னால் மகன் மடியில் ஏறுகிறான். அவனோடு உட்கார்ந்தால் மகள், "எனக்கு மட்டும் நீயே படிச்சுக்கோன்னு சொல்றீங்க" என்கிறாள். புதன்கிழமை இருவரும் அழுதார்கள், நானும் அழுதேன். வியாழன், வெள்ளி புத்தகத்தையே திறக்கவில்லை. மாமியார் "நாள் பூரா விளையாட்டுத்தான்" என்கிறார். கணவர் வீட்டுக்குள் நுழைந்ததும் "இன்னைக்கு என்ன படிச்சாங்க?" என்கிறார். ஒரு வாரத்தை எப்படிப் பிரிப்பது? பெரியவளையே சின்னவனுக்குச் சொல்லிக்கொடுக்க விடலாமா? பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் இருப்பது சட்டப்படி குற்றமா?

— வாசகி, உடுமலைப்பேட்டை

பதில்:

வணக்கம். முதலில் அந்த அட்டவணையைச் சுவரிலிருந்து எடுத்துவிடுங்கள். நாற்பது நிமிடப் பீரியடு என்பது வகுப்புக்கு ஓர் ஆசிரியர், மணியடித்தால் அடுத்தவர் வருவார் என்ற ஏற்பாட்டுக்காக உண்டானது. உங்கள் வீட்டில் எத்தனை முறை மணியடித்தாலும் நீங்களேதான் வர வேண்டும். இரண்டு வகுப்புக்கும் நீங்கள்தான், நடுவில் குக்கர் விசிலுக்கும் நீங்கள்தான்.

9 மணி முதல் 3.30 வரை என்ற கணக்கும் தேவையில்லாதது. கல்வி உரிமைச் சட்டம் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை வருடத்துக்கு 200 வேலை நாள், 800 மணி நேரம் என்கிறது. ஆறு முதல் எட்டு வரை 220 நாள், 1000 மணி நேரம். வகுத்துப் பார்த்தால் சின்னவனுக்கு நாளொன்றுக்கு நான்கு மணி நேரம், பெரியவளுக்கு நாலரைக்குக் கொஞ்சம் மேல். அதுவும் தொடக்கப் பள்ளியில் ஓர் ஆசிரியருக்கு 30 பிள்ளைகள் என்று வைத்துப் போட்ட கணக்கு. வருகைப்பதிவு, நோட்டுத் திருத்தம், "டீச்சர், இவன் என்னைக் கிள்றான்" எல்லாம் அந்த நான்கு மணிக்குள் அடக்கம். ஒரே பிள்ளையோடு பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கும்போது அவ்வளவு நேரம் வேண்டாம். ஆறரை வயதுக்காரனுக்கு உங்களோடு ஒரு மணி நேரம் போதும், அதையும் இருபது இருபது நிமிடமாக மூன்றாகப் பிரித்து. பெரியவளுக்கு உங்களோடு ஒன்றேகால் மணி நேரம், தனியாக ஒன்றரை மணி நேரம். எல்லாம் சேர்த்தால் உங்களுடைய நேரத்தில் இரண்டேகால் மணிதான் செலவு. மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் முடிந்துவிடும்.

நான் ஆலோசனை சொல்ல வருவதற்கு முன் பல வருடம் ஈராசிரியர் பள்ளியில் வேலை பார்த்தவள். ஒன்று, இரண்டு, மூன்றாம் வகுப்புகள் ஒரே அறையில், ஒரே டீச்சர். நான்கும் ஐந்தும் தலைமையாசிரியரிடம். நம் கிராமங்களில் இது இன்றும் சர்வசாதாரணம். அந்த மாதிரி அறையில் காலந்தள்ளிய எந்த டீச்சரைக் கேட்டாலும் ஒரு விஷயத்தைச் சொல்வார். ஒரு வகுப்புக்குப் பாடம் நடத்தும்போது மற்ற வகுப்புக்குக் கொடுக்கிற வேலை, டீச்சரைக் கூப்பிடாமல் முடிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். கூப்பிட வேண்டிய வேலையைக் கொடுத்துவிட்டு, "ஏன் தொந்தரவு பண்றே?" என்று கேட்பதில் நியாயமில்லை.

நீங்கள் மகளிடம் "நீயே படிச்சுக்கோ" என்று கொடுத்தது அநேகமாகப் புதுப் பாடமாக இருந்திருக்கும். புரியாததைத் தனியே படி என்றால், தன்னை ஒதுக்கிவிட்டதாகத்தான் அவளுக்குத் தோன்றும். மகனுக்கும் அப்படித்தான், புது எழுத்தைக் காட்டி, "இதைப் பத்துத் தடவை எழுது" என்று விட்டால் மூன்றாவது தடவையில் மடியில் ஏறிவிடுவான். புதிதாக எது இருந்தாலும் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்துதான். நேற்றுப் புரிந்ததை மட்டும் இன்று தனியாகச் செய்யட்டும். இன்றைய புதுப் பாடம் நாளைய தனி வேலை. இரண்டு அடுப்பையும் பெரிதாக வைத்துவிட்டு நடுவில் நின்று தவிக்காமல், ஒன்றைச் சிம்மில் வைத்துவிட்டு இன்னொன்றைக் கிளறுகிறீர்கள், அவ்வளவுதான். உங்கள் பிரச்சினையில் பாதி இதிலேயே தீரும் என்பது என் எண்ணம்.

காலையில் யாருக்கு முதலில்? சின்னவனுக்கு. பெரியவள் காத்திருப்பாள், அவன் காத்திருக்க மாட்டான். முதல் இருபது நிமிடம் முழுக்க அவனுக்கு என்று கொடுத்துவிட்டால் அதன் பிறகு அவனாகவே எழுந்து போய்விடுவான். அந்த நேரத்தில் பெரியவள் நேற்றைய கணக்குகளில் ஆறு போடட்டும். இருபது வேண்டாம், ஆறு போதும். நம் கணக்குப் புத்தகத்தில் விடைகள் பின்னால் இருக்கின்றன. அவளே பார்த்துச் சரிபார்க்கலாம். முட்டிக்கொண்டு நின்றால் "அம்மா!" என்று குரல் கொடுக்கக் கூடாது, ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும். நீங்கள் வந்து உட்காரும்போது அந்தக் கேள்விக்குறிகளிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். "நீ குறிச்சு வச்சதைத்தான் முதல்ல பாக்கப் போறோம்" என்று தெரிந்தால் அவளுக்குக் காத்திருப்பது கஷ்டமாக இருக்காது. ஆனால் இதை ஒரே நாளில் எதிர்பார்க்காதீர்கள். தனியாக வேலை செய்வதும் ஒரு பாடம்தான். முதல் வாரம் பதினைந்து நிமிடம், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள்.

அவளோடு நீங்கள் உட்காரும் நேரத்தில் சின்னவன் என்ன செய்வான்? இங்கேதான் உங்கள் மாமியார் வருகிறார். அவர் குறை சொல்வதற்குக் காரணம், அவருக்கு இதில் ஒரு வேலையும் இல்லை. வேலை கொடுங்கள். தனக்கு ஏற்கெனவே வாசிக்கத் தெரிந்த பக்கத்தை அவன் அப்பத்தாவுக்கு வாசித்துக் காட்டட்டும். அவர் அதிகம் படிக்காதவராக இருந்தாலும் பரவாயில்லை, கேட்க ஓர் ஆள் இருந்தால் போதும். வாசித்து முடித்தால் இருவரும் பல்லாங்குழி ஆடட்டும். பதினான்கு குழி, குழிக்கு ஐந்து முத்து, மொத்தம் எழுபது. ஒரு குழியில் இருப்பதை அள்ளி ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போகும்போது அவன் எண்ணுகிறான், மீதி எத்தனை என்று பார்க்கிறான், எந்தக் குழியில் எடுத்தால் எங்கே முடியும் என்று யோசிக்கிறான். எந்தப் பயிற்சி நோட்டும் அரை மணி நேரத்தில் இவ்வளவு கணக்கை வாங்காது. வெளியிலிருந்து பார்த்தால் அதுவும் விளையாட்டுத்தான். இப்போது அந்த விளையாட்டில் அவரும் ஒரு கை.

இனி வாரம். ஞாயிறு மாலை அரை மணி நேரம் உட்கார்ந்து ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: இந்த வாரம் யாருக்கு எது புதுசு? சின்னவனுக்கு இரண்டே விஷயம், பெரியவளுக்கு நான்கு. அதற்கு மேல் போட்டால் வியாழக்கிழமை நீங்கள் மறுபடி புத்தகத்தை மூடிவிடுவீர்கள். உதாரணத்துக்கு, சின்னவனுக்கு ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு வித்தியாசம். கணக்கில் இருபதுக்குள் கழித்தல். பெரியவளுக்குக் கணக்கில் விகிதம், ஆங்கிலத்தில் ஒரு பாடம், தமிழில் ஒரு செய்யுள், அறிவியலில் ஏதாவது ஒன்று. திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் புதியதைச் சொல்லிக்கொடுங்கள். வியாழன் பெரும்பாலும் தனி வேலை. வெள்ளி மிச்சம் மீதிக்கு. வெள்ளியில் எதையும் திட்டமிடாதீர்கள். காய்ச்சல், விருந்தாளி, கேஸ் டெலிவரி எல்லாம் சேர்ந்து எப்படியும் ஒரு நாளைத் தின்றுவிடும். ஒன்றும் வரவில்லை என்றால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அமராவதி அணைப் பக்கம் முதலைப் பண்ணைக்குப் போய் வாருங்கள். மற்ற பிள்ளைகள் பள்ளியில் இருக்கும் நாளில் அங்கே கூட்டமும் இருக்காது.

புதன்கிழமையை நான் வேண்டுமென்றே விட்டு வைத்தேன். அது இருவருக்கும் பொதுவான நாள். அந்த ஒரு நாள் நீங்கள் இரண்டு வகுப்பு நடத்த வேண்டியதில்லை. விஷயம் ஒன்று, அதிலிருந்து அவரவர் எடுத்துக்கொள்வது வேறு வேறு. எப்படி என்று ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன்.

செவ்வாய் மாலை இட்லிக்கு மாவு ஆட்டுகிறீர்கள் என்று வையுங்கள். நாலு டம்ளர் அரிசி, ஒரு டம்ளர் உளுந்து. அளந்து போடுவது சின்னவன் வேலை. சத்தமாக எண்ணிக்கொண்டே போடட்டும். பெரியவளிடம், "பாதி அளவுதான் ஆட்டப் போறேன், எவ்வளவு போடணும்?" என்று கேளுங்கள். சொல்லிவிடுவாள். "உளுந்து ஒன்றரை டம்ளர் இருக்கு, அரிசி எவ்வளவு?" என்று கேட்டால் கொஞ்சம் நிற்பாள். அந்த இடத்தில் நீங்கள் பதில் சொல்லிவிடாதீர்கள். ஆறாம் வகுப்பு முதல் பருவக் கணக்குப் புத்தகத்தில் விகிதம் என்ற பாடம் இருக்கிறது. திங்கட்கிழமை 4 : 1 என்று நோட்டில் எழுதியது செவ்வாய்க்கிழமை அவள் கையில் டம்ளராக இருக்கிறது.

உப்புப் போட்டுக் கரைத்த பிறகு, ஒரே மாதிரியான இரண்டு கண்ணாடி டம்ளரில் பாதி அளவுக்கு மாவை ஊற்றுங்கள். மாவு எதுவரை இருக்கிறதோ அந்த இடத்தில் ஆளுக்கொரு ரப்பர் பேண்டு போடட்டும். ஒரு டம்ளரை வெளியே வையுங்கள், இன்னொன்றை ஃபிரிட்ஜில். படுக்கப் போவதற்கு முன் எது பொங்கும், எது பொங்காது என்று இருவரும் சொல்லிவிட்டுப் போகட்டும். அதை எழுதியும் வைக்கட்டும். காலையில் எழுந்ததும் பல் தேய்ப்பதற்கு முன்னாலேயே அடுப்படிக்கு ஓடுவார்கள். வெளியே இருந்தது ரப்பர் பேண்டைத் தாண்டி மேலே வந்திருக்கும். ஃபிரிட்ஜில் இருந்தது ஏறக்குறைய அப்படியே இருக்கும்.

சின்னவன் இரண்டு டம்ளரையும் வரைந்து, ஒன்றின் பக்கத்தில் "மேலே", இன்னொன்றின் பக்கத்தில் "கீழே" என்று எழுதினால் போதும். இந்த வாரம் அவன் படிக்கும் இரட்டைக்கொம்பு இரண்டிலும் இருக்கிறது. பெரியவள் ஸ்கேல் வைத்து எத்தனை சென்டிமீட்டர் ஏறியிருக்கிறது என்று அளக்கட்டும். அடுத்த முறை பகலில் ஆட்டும்போது இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை அளந்து வரைபடம் போடலாம். முதலில் மெதுவாக, பிறகு வேகமாக ஏறுவது அதில் தெரியும். ஏன் பொங்குகிறது என்று அவள் கேட்டால் சொல்லுங்கள்: அரிசியிலும் உளுந்திலும் ஏற்கெனவே இருக்கிற பாக்டீரியாக்கள் மாவில் உள்ள சர்க்கரையைத் தின்று அமிலத்தையும் கரியமில வாயுவையும் வெளியிடுகின்றன. வாயு மாவை மேலே தூக்குகிறது, அமிலம் புளிப்பைத் தருகிறது. உளுந்து மாவின் வழவழப்பு வாயுவை வெளியே விடாமல் பிடித்து வைக்கிறது. குளிரில் பாக்டீரியாக்களின் வேலை மந்தமாகிவிடும். இதில் சின்னவனுக்கு எவ்வளவு காதில் விழுகிறதோ அவ்வளவு விழட்டும், அவனுக்குத் தனியாக விளக்க வேண்டாம்.

இதே மாதிரி அடுத்த வாரத்துக்குக் கரண்ட் மீட்டர். தினமும் ஒரே நேரத்தில் சின்னவன் எண்களை வாசித்துச் சொல்ல, பெரியவள் நேற்றையதிலிருந்து கழித்து எத்தனை யூனிட் என்று எழுதலாம். நம் ஊரில் வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். இந்த வேகத்தில் போனால் அது எத்தனை நாளில் தீரும் என்று அவள் கண்டுபிடிக்கட்டும். உங்கள் கணவரின் வேலைக்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கிறது, காற்றாலை எப்படி மின்சாரம் எடுக்கிறது என்பதை அவரே ஒரு நாள் சொல்லட்டும்.

ஆனால் வாசிப்பையும் கணக்கையும் முழுக்கப் பொதுவாக்க முடியாது. அவை படிப்படியாக ஏற வேண்டியவை. பெரியவளை உட்கார வைத்துக்கொண்டு எழுத்துப் பாடம் நடத்தினால் அவளுக்குச் சலித்துப்போகும், அவளுடைய பின்னத்தை இவன் கேட்டுக்கொண்டிருந்தால் வீடு இரண்டுபடும். சின்னவனுக்கு இரண்டாம் வகுப்புப் புத்தகத்தின் முதல் பக்கத்திலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும் என்றும் இல்லை. 2022-இல் அரசுப் பள்ளிகளில் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் சின்ன வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரித்தார்கள். ஒரே பிள்ளை தமிழில் அரும்பாகவும் கணக்கில் மலராகவும் இருக்கலாம். உங்கள் மகன் வாசிப்பில் எங்கே நிற்கிறானோ அங்கிருந்து தொடங்குங்கள். தமிழக அரசின் பாடப்புத்தகங்களை இணையத்திலிருந்து இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம், எந்த வகுப்புப் புத்தகம் வேண்டுமானாலும்.

பெரியவள் சின்னவனுக்குச் சொல்லிக்கொடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். நம் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் சட்டாம்பிள்ளை என்று ஒருவன் இருப்பான். மூத்த மாணவன், வாத்தியார் இல்லாதபோது சின்னப் பிள்ளைகளை மேய்ப்பவன். 1789-இல் சென்னை எழும்பூரில் ஆண் பிள்ளைகளுக்கான அநாதை இல்லத்தின் பொறுப்புக்கு வந்த ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார், நம் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைப் பார்த்தார். பெரிய பையன்களை வைத்துச் சின்னப் பையன்களுக்குப் பாடம் நடத்தினார். 1797-இல் லண்டனில் அதைப் புத்தகமாகப் போட்டார். அங்கே அதற்கு மதராஸ் முறை என்றே பெயர். ஆசிரியர் சம்பளத்தை மிச்சம் பிடிக்க நல்ல வழி என்று அதற்கு ஏகப்பட்ட வரவேற்பு.

மிச்சம் பிடிப்பதுதான் எனக்கு இதில் இடிக்கிறது. உங்கள் வீட்டில் மிச்சமாவது உங்கள் நேரம், செலவாவது மகளின் நேரம். பள்ளியில் பட்ட கஷ்டத்தால் வீட்டுக்கு வந்தவள் அவள். இங்கேயும் ஒரு பொறுப்பைத் தூக்கிக் கொடுக்காதீர்கள். தம்பிக்குக் கதை படித்துக் காட்டட்டும், அவன் கேட்டால் சொல்லட்டும், சேர்ந்து வரையட்டும். அவன் நோட்டைத் திருத்துவது, அவன் படித்தானா என்று பார்ப்பது, படிக்காவிட்டால் திட்டு வாங்குவது, இந்த மூன்றும் அவளுக்கு வேண்டாம். வாரத்தில் ஒரு நாள் தலைகீழாக ஆக்கிப் பாருங்கள். அவன் டீச்சர், அவள் மாணவி. அவன் கேட்கும் கழித்தல் கணக்குகளுக்கு அவள் வேண்டுமென்றே ஒன்றிரண்டைத் தப்பாகச் சொல்லட்டும். அக்காவின் தப்பைப் பிடிப்பதற்காகவே அவன் கணக்கைச் சரியாகப் போட்டு வைத்திருப்பான்.

கணவருக்கும் ஒரு வேலை உண்டு. பெரியவள் ஒரு நோட்டில் தினமும் இருவருக்குமாக இரண்டு வரி எழுதட்டும்: "விகிதம் புரிந்தது, ஐந்தாவது கணக்கு வரவில்லை. தம்பி 'மேலே' எழுதினான்." அவர் வந்ததும் உங்களைக் கேட்காமல் அந்த நோட்டைப் பார்க்கட்டும். கேள்விக்குறி போட்ட கணக்குகளில் ஒன்றை இரவில் அவர் சொல்லிக்கொடுக்கட்டும். அப்புறம், உங்களுக்கும் ஒரு மணி நேரம் வேண்டும். மதியம் இருவருக்கும் கல்வித் தொலைக்காட்சியோ கதையோ போட்டுவிட்டு நீங்கள் சும்மா படுத்திருந்தால் ஒன்றும் குறைந்துவிடாது. என்ன பார்க்கலாம் என்பதை மட்டும் முன்கூட்டியே முடிவு செய்துவிடுங்கள்.

சட்டத்துக்கு வருவோம். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆறு முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகளைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று அதன் 10-ஆவது பிரிவு சொல்கிறது. சேர்க்காத பெற்றோருக்கு என்ன தண்டனை என்று அந்தச் சட்டத்தில் எதுவும் இல்லை. வீட்டுக் கல்வியைப் பற்றி அது பேசவும் இல்லை, அனுமதியாகவும் இல்லை, தடையாகவும் இல்லை. பள்ளி செல்லாத பிள்ளைகளைக் கணக்கெடுக்க யாராவது வீட்டுக்கு வந்தால் மறைக்காதீர்கள். நோட்டுகளைக் காட்டி நடப்பதைச் சொல்லுங்கள். டி.சி., பிறப்புச் சான்றிதழ், பள்ளியில் கொடுத்த எமிஸ் எண் (கல்வித் துறையில் மாணவருக்கான பதிவு எண்) மூன்றையும் ஒரே ஃபைலில் வையுங்கள்.

பின்னால் சான்றிதழ் வேண்டுமே என்ற கவலை இப்போதைக்குத் தேவையில்லை. பன்னிரண்டரை வயது முடிந்தால் தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதலாம். பதினான்கு வயதில் தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பத்தாம் வகுப்பு எழுதலாம். மகளுக்கு அதற்கெல்லாம் நாள் இருக்கிறது.

எனக்குக் கவலை வேறு இடத்தில். புது ஊர், பள்ளியும் இல்லை. பதினோரு வயதுப் பெண்ணுக்கு அம்மாவும் தம்பியும் அப்பத்தாவும் மட்டும் போதாது. வாரத்தில் மூன்று மாலையாவது அவள் வயதுப் பிள்ளைகள் இருக்கும் இடத்துக்கு அவள் போக வேண்டும். சிலம்பமோ பாட்டோ நூலகமோ தெருவில் விளையாட்டோ, எதுவானாலும் சரி. வயிற்றுவலி நின்றுவிட்டதா, புதுப் பிள்ளைகளைப் பார்த்தால் ஒதுங்குகிறாளா என்று தீபாவளி வரை கவனியுங்கள். அதற்குப் பிறகும் ஒதுங்கினால் ஒரு குழந்தை மனநல ஆலோசகரிடம் அழைத்துப் போங்கள். மாறாக, "நான் ஸ்கூலுக்குப் போறேன்மா" என்று அவளே சொன்னால் அடுத்த ஜூன் வரை காத்திருக்க வேண்டாம். வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும், வருடத்தின் நடுவில் வந்தாலும் மறுக்கக் கூடாது என்று அதே சட்டம் சொல்கிறது. அந்த ஃபைலை எடுத்துக்கொண்டு பக்கத்துப் பள்ளித் தலைமையாசிரியரை நேரில் பாருங்கள். அவள் போனாலும் சின்னவன் வீட்டிலேயே தொடரலாம். இருவரும் ஒன்றாகத்தான் போக வேண்டும் என்று எந்த விதியும் இல்லை.